அட்மிஷன் விசாரிக்க வந்தவர்

சிம்ராவைக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு அந்த வீட்டில் ஆரம்பித்தபோது அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பள்ளிவாசலுக்குப் பின்புறம், மாடிப் போர்ஷன் அவர்களுடையது. பகல் முழுக்கக் குடித்த வெயிலை மொட்டைத் தளம் சாயங்காலத்துக்கு மேல்தான் வீட்டுக்குள் இறக்கும். சகினா ஜன்னலோரம் உட்கார்ந்து, மாட வீதிக் கடைகளிலிருந்து வரும் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள். பட்டுப் புடவையில் வியர்வைச் சொட்டு விழுந்தால் கடைக்காரருக்குப் பதில் சொல்ல முடியாது. கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு ஈரத் துண்டு போட்டிருப்பாள்.

அவள் கணவர் மெஹபூப் பாஷாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேலை. கார்களுக்கும் வேன்களுக்கும் சீட் தைத்துக் கொடுக்கிற பட்டறை. ரெக்சின் வெட்டுவது, ஃபோம் ஒட்டுவது, கம்பிச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டுவது எல்லாம் அவர் கைதான். விரல் இடுக்குகளில் பசை காய்ந்து மஞ்சளாக நிற்கும். எந்த சோப்புக்கும் அந்த வாடை போகாது. சாயங்காலம் மொபெட்டில் அசோக் நகர் வழியாக வந்து, தி.நகரில் பட்டறைக்கு வேண்டிய நூலோ பட்டனோ வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.

கோயம்புத்தூரில் குண்டு வெடித்த வருஷம் அது. மாசியில் நடந்தது. வைகாசி பிறந்தும் சென்னையில் பயம் விடவில்லை. பஸ் ஸ்டாண்டிலும் பெரிய கடை வாசல்களிலும் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பாஷாவும் எல்லோரையும்போல வரிசையில் நின்று காட்டுவார். பேர் கேட்டுச் சொன்ன பிறகு, பார்த்து முடித்த பையையே இன்னொரு தடவை பார்ப்பார்கள். அதை அவர் வீட்டில் சொன்னதில்லை.

மகள் சிம்ரா கணக்கில் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். கடைசி வருஷம் வேறொரு கல்லூரியில் ஏதோ போட்டிக்குப் போனபோது அங்கே ஒரு மெஷினில் அவளை உட்கார வைத்தார்கள். அம்புமுனை மாதிரி இரண்டு குறிகளுக்கு நடுவே ஒரு சொல்லை அடித்தாள். அதற்கப்புறம் தன் பெயரை அடித்தாள். திரையில் அவள் பெயர் சிவப்பாக, பெரிதாக வந்து நின்றது. அதை அமெரிக்காவிலிருந்தும் பார்க்கலாம் என்று பக்கத்தில் நின்ற பெண் சொல்லி, அந்தப் பக்கத்தை ஒரு ஃப்ளாப்பியில் போட்டும் கொடுத்தாள். வீடு வரும்வரை சிம்ராவுக்கு வேறு நினைப்பு இல்லை.

"தி.நகர்ல வெப்ஜோதின்னு ஒரு சென்டர்ப்பா. வெப் டிசைனிங், ஜாவா எல்லாம் சொல்லித் தராங்களாம். ஆறு மாசம். தினமும் நேர்ல போய் மெஷின் முன்னாடி உக்காந்து கத்துக்கணும்" என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது.

"குல்ஷனும் நேர்லதான் போய் உக்காந்தா" என்றாள் சகினா. தட்டில் கத்திரிக்காய் தால்சாவை ஊற்றிய கை நிற்கவில்லை.

குல்ஷன் கீழ்ப் போர்ஷன் பெண். போன வருஷம் அடையாறில் ஒரு இடத்தில் சேர்ந்தாள். ஒரு திங்கட்கிழமை போனால் ஷட்டரில் பூட்டு. போர்டைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆணி அடித்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை அவள் வெயிலில் நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் கம்ப்யூட்டர் என்று சொன்னாலே யாராவது சிரிப்பார்கள்.

"வேலூர் மாப்ள வீட்டுலேர்ந்து கேட்டுக்கினே இருக்காங்க. சரின்னு சொல்லிட்டா நிம்மதி" என்றாள் சகினா.

"இரு சகினா. ஒரு வருசம் சிம்ராவுக்கு டயம் தரேன்னு சொல்லிக்கீறேன். நான் போய்ப் பாக்கறேன். பழைய வண்டி வாங்கறவனே நாலு தபா ஓட்டிப் பாத்துதான் வாங்கறான். இது பொண்ணு விஷயம்."

"நீங்க போய் இன்னாத்தக் கேப்பீங்க? இன்னா தெரியும் உங்களுக்கு?"

"கேக்கறதுக்கு இன்னா தெரியணும்? சிம்ரா சொல்லட்டும். நான் மனசுல வெச்சுக்கினு போய்க் கேக்கறேன்."

சிம்ரா சொன்னாள். ஒரு ஆளுக்கு ஒரு மெஷினா, இல்லை பகிர்ந்துகொள்ள வேண்டுமா? இன்டர்நெட் லைன் நிஜமாகவே வருகிறதா, இல்லை முன்னாடியே எடுத்து வைத்த பக்கத்தைக் காட்டுகிறார்களா? சொல்லித் தருகிறவர் தினமும் வருகிறாரா? படித்து முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள்? பாஷா ரொட்டியைப் பிய்த்தபடியே ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'லைன்' என்பது டெலிபோன் லைன்தான் என்று தெரிந்ததும் அவருக்குத் தெம்பு வந்தது.

வெப்ஜோதி, பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் இருந்தது. கீழே பாத்திரக் கடை, மேலே கண்ணாடிக் கதவு போட்ட சென்டர். முதல் தடவை போனபோது அங்கே பாடம் நடத்துகிற பெண் ஒருத்தியே வெளியே வந்து பாஷாவுக்குப் பதில் சொன்னாள். முப்பது வயசுக்கு மேல் இருக்கும், சாருலதா என்று பெயர். ஒரு ஆளுக்கு ஒரு மெஷின் என்றாள். லைன் வருகிறது என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சிம்ராவின் கேள்விகள் முடிந்தாலும் அவருக்கென்று சொந்தமாகச் சில இருந்தன. பட்டறையில் ஒரு தரம் ஃபோம் தீப்பற்றி எரிந்ததைப் பார்த்தவர் அவர். இந்தப் படிக்கட்டு ஒரு ஆள் அகலம். பாத்திரக் கடையின் அட்டைப் பெட்டிகள் வேறு பாதி வழியை அடைத்திருந்தன. கீழே வந்து வாட்ச்மேனிடம் கேட்டார்.

"இந்தப் படியத் தவிர எறங்கறதுக்கு வேற வழி கீதாண்ணா?"

"இல்லியே."

"மேல ஒரே நேரத்துல எத்தினி பேர் இருப்பாங்க?"

"அது இருப்பாங்க, நெறய."

"எந்நேரத்துல கூட்டம் ஜாஸ்தி?"

கூட்டம் குறைந்த நேரத்தில் மகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

அதற்குப் பிறகும் பாஷா போனார். பட்டறை விட்டு வரும் வழியில் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கக் கரும்பு ஜூஸ் கடையருகே நிற்பார். பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள், கிளாஸ் விட்டதும் எந்த வழியாக பஸ் ஸ்டாப்புக்குப் போகிறார்கள், வழியில் தெருவிளக்கு எரிகிறதா என்றெல்லாம் பார்ப்பார். கையில் ஜூஸ் டம்ளர், கண் மாடி ஜன்னலில். பக்கத்தில் நிற்பவர்கள் தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை.

"பாத்த வரிக்கும் நல்லாத்தான் கீது" என்று வீட்டில் சொன்னார். "அந்த லைன் நெஜமா வருதான்னு மட்டும் கண்ணால பாத்துட்டா போதும். சனிக்கிழமை அர நாள் லீவ்தான். பாத்துட்டு வந்துடறேன்."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. பட்டறையிலிருந்து நேரே வந்ததால் பாஷாவிடம் வேலைப் பை இருந்தது. ரெக்சின் துண்டுகளை வைத்து அவரே தைத்தது. உள்ளே கத்தி, இடுக்கி, கம்பிச் சுருள், கோணி ஊசி, மூடி சரியாக நிற்காத பசை டப்பா. படியேறப் போனவர் நின்றார். ஏசி ரூமுக்குள் இந்த நாற்றத்தை எடுத்துக்கொண்டு போக வெட்கமாக இருந்தது. நாளைக்கு மகள் வந்து உட்காரப் போகிற இடம். பையைப் படிக்கட்டுக்குக் கீழே, அட்டைப் பெட்டிகளின் ஓரமாக வைத்துவிட்டு, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே போனார்.

சோபாவில் உட்காரச் சொன்னார்கள். சாருலதா கிளாஸில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்றார்கள். ஏசிக் குளிரில் அவருக்குக் கண் லேசாகச் செருகியது.

கீழேயிருந்து முதலில் வந்தது பாத்திரம் உருளுகிற சத்தம். பிறகு யாரோ, "யாருது பை? யோவ், யாருது இந்தப் பை?" என்று கத்தினார்கள். அப்புறம் ஆட்கள் ஓடுகிற சத்தம். மேலே ஒரு பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள். கிளாஸிலிருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கதவுக்கு வந்தார்கள்.

தீ என்றுதான் பாஷா நினைத்தார். படி வாசலில் கையை அகட்டி நின்று, "மெதுவா, மெதுவாம்மா, தள்ளாதீங்க, ஒண்ணொண்ணா" என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு தானும் இறங்கி வெளியே ஓடினார். தெருவின் இரண்டு முனையிலும் கூட்டம் ஒதுங்கி நின்றது. நடுவில் யாருமே இல்லை.

"இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டார்.

"படிக்குக் கீழ பாம் வெச்சுட்டுப் போய்க்கிறான்யா எவனோ."

பாஷா திரும்பிப் பார்த்தார். காலியான தெருவில், சாய்ந்த பெட்டிகளுக்கு நடுவே அவருடைய பை தனியாக இருந்தது. வாயிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நொடி அவருக்கே அந்தப் பையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அது என்னுதுங்க" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "என் பைங்க அது. வேலப் பை." எடுக்கலாம் என்று இரண்டு அடி வைத்தார்.

"தொடாத! டேய், தொடாத!"

யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வாட்ச்மேன் முன்னால் வந்தான். "இவன்தான். எத்தினி பேர் இருப்பாங்க, எப்ப கூட்டம் ஜாஸ்தின்னு கேட்டவன் இவன்தான்." ஜூஸ் கடைக்காரனும், "ஆமா, தெனம் வந்து மேலயே பாத்துக்கினு நிப்பான்" என்றான்.

"உன் பேர் இன்னா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

பாஷா சொன்னார். சட்டையைப் பிடித்திருந்த கை இறுகியது. மாடி வாசலில் சென்டர் மேனேஜர் ஸ்ரீகிருஷ்ணா இறங்கப் பயந்து நின்றிருந்தார். பாஷா நிமிர்ந்து, "சார், நீங்க சொல்லுங்க சார்" என்றார். மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மயிலாப்பூர் வீட்டுக்கு இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தபோது சகினா மாம்பழ நிறப் பட்டு ஒன்றுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். "மெஹபூப் பாஷா வீடு எது?" என்று அவர்கள் சந்து முனையிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னால் பிள்ளைகள் கூட்டம். கீழ்ப் போர்ஷன் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

"அவருக்கு இன்னா ஆச்சு?" சகினாவுக்கு ஆக்ஸிடென்ட் என்றுதான் தோன்றியது.

"ஒண்ணும் ஆவல. ஸ்டேஷன்ல கீறாரு. வீட்ட ஒரு பார்வ பாக்கணும்."

பெட்டியைத் திறந்தார்கள். பாயைப் பிரித்தார்கள். அரிசி டின்னுக்குள் கைவிட்டுக் கிளறினார்கள். கடைக்காரர் புடவைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். சகினா, "மெதுவாங்க, அது எங்களுது இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சிம்ராவின் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் ஃப்ளாப்பி ஒன்றை எடுத்தார்.

"இது இன்னா?"

"ஃப்ளாப்பி சார். கம்ப்யூட்டர்ல போடறது. காலேஜ்ல குடுத்தாங்க."

"இதுல இன்னா கீது?"

"என் பேரு சார்" என்றாள் சிம்ரா. வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பள்ளிவாசல் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஷாஹுல் ஹமீதுதான் ஆட்டோ பிடித்து வந்தார். சகினா புர்காவைப் போட்டுக்கொண்டவள், திரும்பிப் போய் டிபன் பாக்ஸில் சோறு போட்டாள்.

"இப்ப எதுக்குக்கா சோறு?"

"அவருக்கு வயித்துல புண்ணு பாய். மத்தியானம் சாப்டலேன்னா தாங்க மாட்டாரு."

ஸ்டேஷனில் பாஷாவைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. உள் அறை பெஞ்சில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். யாரும் அடித்த மாதிரி தெரியவில்லை. ஆனால் கைகளை முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மகளைப் பார்த்தும் அசையவில்லை. ஒரு கான்ஸ்டபிள் டிபன் பாக்ஸைத் திறந்து, கரண்டிக் காம்பால் சோற்றைக் குத்திப் பார்த்துவிட்டு மூடி ஓரமாக வைத்தார்.

இன்ஸ்பெக்டர் கத்துகிற ஆள் இல்லை. தாழ்ந்த குரலில்தான் பேசினார். சகினாவை அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

"பையில ஒண்ணும் இல்லம்மா. பாத்தாச்சு. ஆனா தினம் வந்து நின்னிருக்காரு. எத்தினி பேரு, எப்ப கூட்டம்னு கேட்டிருக்காரு. எதுக்கு?"

"எனக்காகக் கேட்டார் சார்" என்றாள் சிம்ரா. "நான் அங்க சேரணும்னு... நல்ல எடமான்னு பாக்கறதுக்காக. நான்தான் கேக்கச் சொன்னேன்."

"எல்லாரும்தான் பிள்ளைங்களச் சேக்கறாங்க. இப்படியா போய் நின்னு பாக்கறாங்க?"

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடி வைத்தார்.

"சரி. அந்த சென்டர்லேர்ந்து யாராவது வந்து, இவரு அட்மிஷன் விசாரிக்க வந்தவருதான்னு சொல்லட்டும். அனுப்பிடறேன். இல்லேன்னா மேல எழுதி அனுப்பணும். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

ஷாஹுல் ஹமீது சகினாவோடு இருந்தார். சிம்ரா மட்டும் வெப்ஜோதிக்கு நடந்து போனாள். இத்தனை நாள் மனசுக்குள் ஏறி இறங்கிய படிகளில் அவள் முதல் தடவையாக ஏறினாள். தெருவில் எல்லாம் பழையபடி ஆகியிருந்தது. பாத்திரங்களை அடுக்கிவைத்துவிட்டார்கள். ஜூஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தன் புர்காவை எல்லாரும் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. நிஜமாகவே பார்த்தார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிளாஸ் தெரிந்தது. ஒரு மெஷினுக்கு மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதி மெஷின்கள் துணி மூடிக் கிடந்தன. எரிந்த திரைகள் எல்லாவற்றிலும் ஒரே பக்கம், நகராமல் நின்றிருந்தது. சிம்ரா அதைப் பார்த்தாள். அப்போது அது மனசில் பதியவில்லை.

"சார், எங்கப்பா அட்மிஷன் விசாரிக்கத்தான் வந்தார். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா விட்டுடுவாங்க சார்."

ஸ்ரீகிருஷ்ணா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. தினம் நூறு பேர் வராங்க. நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தா நாளைக்குப் பேப்பர்ல எங்க பேர் வரும். ஏற்கெனவே ரெண்டு பேரண்ட்ஸ் பணத்தத் திருப்பிக் கேட்டாச்சு. உங்கப்பாவாலதான்."

"அவர் ஒண்ணும் பண்ணல சார்."

"பண்ணலேன்னா விட்டுடுவாங்க. போங்கம்மா. இங்க நிக்காதீங்க, ஸ்டூடண்ட்ஸ் பயப்படறாங்க."

சிம்ரா இறங்கிவிட்டாள். பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சாருலதா கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"உங்கப்பா என்கிட்டதான் பேசினார். நான் வரேன். வேகமா நட, சார் பாக்கறதுக்குள்ள."

தெருமுனை தாண்டியதும்தான் நடை மெதுவானது. சாருலதா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எனக்கும் மைலாப்பூர்தான். ஸ்டேஷனுக்குப் போனேன்னு எங்காத்துல தெரிஞ்சா அவ்வளவுதான். அவர் சட்டையப் பிடிச்சு இழுத்துண்டு போனப்ப நான் ஜன்னல்லேர்ந்து பாத்துண்டு நின்னேன். எறங்கி வந்திருக்கணும். கால் வரல." கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்றேன். நீ இங்க சேராதே. லைனைக் கட் பண்ணி ரெண்டு மாசமாச்சு. ஜாவா எடுக்கறவர் போயிட்டார். ஒரு மெஷினுக்கு மூணு பேர். உங்கப்பா கேட்டதெல்லாம் சரியான கேள்வி. நான்தான் பொய் சொன்னேன். அப்படித்தான் சொல்லணும்னு உத்தரவு."

ஸ்டேஷனில் அவள் சொன்னது நாலு வாக்கியம்தான். இவர் அட்மிஷன் விசாரிக்க வந்தவர். என்னிடம்தான் பேசினார். இன்றைக்கும் என்னைப் பார்க்கத்தான் காத்திருந்தார். களேபரத்தில் பிள்ளைகளைப் பத்திரமாகப் படியிறக்கிவிட்டது இவர்தான். அவள் பெயரையும் முகவரியையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். முகவரி சொல்லும்போது அவள் தயங்கியதை சிம்ரா பார்த்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே பாஷாவை விட்டுவிட்டார்கள். பையைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்குக் கும்பிடு போட்டார்.

"பொண்ணு அந்த சென்டர்லதான் சேரப் போகுது, இல்ல?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆமா சார்."

"எப்போ?"

பாஷா வாய்க்கு வந்த நாளைச் சொன்னார். "திங்கக்கிழம சார்."

"சரி, சேத்துடுங்க. நாங்களும் அந்தப் பக்கம் வரும்போது பாக்கறோம்."

சும்மா சொன்னாரா, நினைத்துச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அதற்குள் அவர் வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூவரும் ஆட்டோவில் திரும்பினார்கள்; ஷாஹுல் ஹமீது மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வீட்டில் பாஷா டிபன் பாக்ஸைத் திறந்தார். சோறு ஊசிப்போயிருந்தது. சகினா பிடுங்கிக் கொட்டிவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்தார். யாரோ மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டதும் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார். வந்தது குல்ஷன். எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் ஜன்னல் பக்கம் வரவில்லை. சகினா கசங்கிய புடவைகளை இஸ்திரி போட்டுக்கொண்டே புலம்பினாள்.

"கம்ப்யூட்டரும் வேணாம், ஒரு எழவும் வேணாம். வேலூருக்கு இன்னைக்கே எழுதிப் போட்டுடலாம். பொண்ணு வீட்டோட இருக்கட்டும்."

"நானும் அங்க போகலம்மி" என்றாள் சிம்ரா. பிறகு அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். "அது நல்ல எடம் இல்லப்பா. லைனே இல்லியாம். அந்த மேடமே என்கிட்ட சொல்லிட்டாங்க. நானும் கண்ணால பாத்தேன். ஒரு மெஷினுக்கு மூணு பேர்."

பாஷா தலையாட்டினார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"வேற எடம் பாக்கலாம்ப்பா. இல்லேன்னா விட்டுடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

"அங்கதாம்மா சேரணும்."

"ஏன்ப்பா?"

"நீ அங்க சேரலேன்னா, பின்ன நான் அங்க இன்னாத்துக்கு நின்னுக்கினு இருந்தேன்னு கேப்பாங்க." மகளைப் பார்க்காமல் சொன்னார். "திங்கக்கிழமன்னு சொல்ட்டு வந்துக்கீறேன். வேற எடத்துல சேந்தாலும் கேப்பாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

இஸ்திரிப் பெட்டி புடவைமேல் நின்றுவிட்டது. தீய்கிற வாடை வருவதற்குள் சகினா அதைத் தூக்கினாள். வேலூரைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவில்லை. சிம்ராவின் சுடிதார் ஒன்றை எடுத்து, அதே சூட்டில் இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

"காலைலயே போய்டுங்க" என்றாள். "கதவு தெறக்கறப்பவே."

சிம்ராவுக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அப்பா எழுந்து நின்ற விதம்தான் திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. சரி என்று சொன்னாள்.

திங்கட்கிழமை இருவரும் பஸ்ஸில் போனார்கள். மொபெட்டை எங்கே நிறுத்துவது என்ற யோசனையே அவருக்குப் பயமாக இருந்தது. வாட்ச்மேனுக்குக் கை உயர்த்தி சலாம் வைத்தார். அவன் வேறு பக்கம் பார்த்தான். மேலே சாருலதா இல்லை. கேட்டதற்கு, அவங்க வேலைய விட்டு நின்னுட்டாங்க என்று மேஜையிலிருந்த பெண் சொன்னாள். ஸ்ரீகிருஷ்ணா அவர்களைப் பார்த்ததும் முதலில் வெளிறினார். சேர வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி இரண்டு பக்கமும் வாயைத் திறக்கவில்லை.

கோர்ஸைப் பற்றி அவர் நீளமாகப் பேசினார். ஒரு ஆளுக்கு ஒரு மெஷின் என்றார். லைன் இருபத்துநாலு மணி நேரமும் வருகிறது என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே பக்கம் திரைகளில் நின்றிருந்தது. சிம்ரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். ஒரு பெண் ஃபாரத்தைப் பூர்த்தி செய்து, பணத்தையும் வாங்கிக்கொண்டாள்.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

"இல்ல சார்."

"நீங்க பாய்? எல்லாம் விசாரிச்சுட்டுத்தானே சேக்கறீங்க? பின்னாடி யாரும் எங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது பாருங்க."

"நல்லா விசாரிச்சுட்டோம் சார்" என்றார் மெஹபூப் பாஷா. "ஒரு ரசீது மட்டும் குடுங்க. இன்னிக்குத் தேதி நல்லா தெரியற மாதிரி."

ரசீதை வாங்கி மகளிடம் காட்டி, பேர் சரியாக இருக்கிறதா, தேதி சரியாக இருக்கிறதா, சீல் விழுந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சிம்ரா உள்ளே போய், ஏற்கெனவே இருவர் உட்கார்ந்திருந்த ஒரு மெஷினின் ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். அவர் தெருவில் இறங்கி, ஜூஸ் கடைப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். முனையில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவர் யாரையும் நிறுத்தவில்லை. போகிற வருகிற வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாஷா அவர் முன்னால் போய் நின்று, கேட்காமலேயே ரசீதை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.